நோயாளி ஸ்டூலில் பெரிய டாக்டர்

முதலிபாளையத்தில் காலை பஸ் ஏறினால் பனியன் கம்பெனிக் கூட்டம் நெரிக்கும். அன்று என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் ஏதோ ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர், மற்றவர் அங்கே ஹெட் நர்ஸ் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டதும் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

“நேத்து ஓ.பி. முடிஞ்சதும், பேஷண்ட் உட்கார்ற ஸ்டூல்ல நானே உட்கார்ந்துட்டேன் சிஸ்டர்.”

“ஏனுங்க மேடம்?”

“அந்த டெய்லர் பொண்ணு பிரசவத்துல இறந்து போனதுல இருந்து என்னை நானே திட்டிட்டு இருக்கேன். மத்தவங்களுக்குச் சொல்ற ஆறுதலை எனக்கும் ஒருக்கா சொல்லிப் பார்க்கலாம்னுதான்.”

“சொன்னீங்களே! நான் கதவுக்கு வெளியதானுங்க நின்னேன். ‘உம்மேல தப்பில்ல கண்ணு, ஊட்டுக்குப் போய்த் தூங்கு’ன்னு கேட்டுச்சு. உள்ள பேஷண்ட் இருக்காங்கன்னு திரும்பிட்டேன்.”

டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்தார்.

“நான் பேசவே இல்லீங்க சிஸ்டர். வார்த்தையே வரல. எதிர்ல இருந்த என்னோட காலிச் சேரைப் பார்த்து அழுதுட்டு வந்துட்டேன்.”

“உங்க குரல்தானுங்க மேடம். எனக்குத் தெரியாதுங்களா?”

கண்டக்டர் டிக்கெட் கொடுத்து நகர்ந்ததும் நர்ஸ் குனிந்து கேட்டார்.

“இன்னைக்கு அந்த ரூமைப் பூட்டிடட்டுங்களா?”

“வேண்டாமுங்க. நேத்து என்னோட அழுகைல அந்தக் குரல் எனக்குக் கேட்காமப் போச்சு. இன்னைக்கு அழாம உட்கார்ந்து பாக்கறேன்.”