அட்டைப்படத்தில் ஒரு முழு நிலா

ரெம்பியாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸை வழியில் நிறுத்தி, காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று பட்டாளத்தார் பைகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த ரெண்டு பேரையும் சுட்டுடுவான்லா, தம்பி" என்றார்.

எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? அவர் மடியில் ஓர் ஓவியம். ரப்பர் மரத்தடியில் ஒரு ஜோடி, மேலே முழு நிலா. அவர் புதிதாகக் காதல் நாவல்கள் வெளியிடப் போகிறாராம். பக்கத்தில் இருந்தவர்தான் அந்த அட்டைப்படத்தை வரைந்தவர்.

"ராத்திரி கர்ஃபியூ இருக்கு. நிலாவ அழிச்சிட்டு சூரியனப் போடு."

"பகல்ல அங்க நின்னா கங்காணி வெரட்டுவாரு, அண்ணே."

"அப்ப வீட்டுக்குள்ள உக்கார வை."

"வீட்டுக்குள்ள அவ அப்பா இருப்பாரே."

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத யாருலா வாங்குவாங்க?"

"சாயங்காலமே எஸ்டேட் கேட்டைப் பூட்டிடுறான். உள்ள அடைஞ்சு கெடக்கிறவங்கதான் வாங்குவாங்க. அவங்க நிலா வெளிச்சத்துல நடந்து எத்தன மாசம் ஆச்சு, அண்ணே?"

பஸ் கிளம்பியது. வெகுதூரம் போகும்வரை பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிலாவ இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு" என்றார்.