சிவப்பு நூலை மாற்றிக் கட்டியது பற்றி

பள்ளிச் சான்றிதழில் உள்ள என் பெயரைத் தனியே எழுதிக் கொடுத்துள்ளேன். எல்லோரும் கூப்பிடுவது ‘வாலு’ என்று. வயது பதினாறு. சித்தியின் செடிக்கடைக்கு மேல்மாடியில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். அம்மாவை அருகில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

கடையில் டிஃபன்பேச்சியா, கலாத்தியா என்ற அழகுச் செடிகள் ஒரே தட்டில் இருக்கும். இரண்டுக்கும் அகன்ற பச்சை இலை, அதில் வெளிர்க் கோடுகள். புரட்டிப் பார்த்தால் கலாத்தியா இலையின் அடி ஊதா நிறம். டிஃபன்பேச்சியாவுக்கு அடியும் பச்சை, தண்டு தடிமன். கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். அதனால் அந்தத் தொட்டியில் மட்டும் சித்தி சிவப்பு நூல் கட்டிவைப்பார்.

கடையைப் பார்த்துக்கொள்வது சித்தி மகனான அண்ணன். “கண்ண மூடிக்கிட்டே செடி பேரு சொல்லுவேன்டி” என்பான். “நீ எங்க செடியப் பாக்குற, நூலத்தானே பாக்குற. உனக்கு இருக்கிறது நூலறிவுண்ணா” என்பேன்.

முந்தாநாள் காலை அவன் தண்ணீர் பிடிக்கப் போனபோது, நூலை அவிழ்த்துக் கலாத்தியா தொட்டியில் கட்டினேன். அவன் திருதிருவென்று முழிப்பதைப் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

அதன் பிறகு பக்கத்துத் தெருத் தையல்கார அக்கா வந்து, “எம் பொண்ணு கைல கெடச்சதெல்லாம் வாயில வெக்கிறா தம்பி, கெடுதல் இல்லாததாப் பாத்துக் குடு” என்றார். அண்ணன் நூல் இல்லாத தொட்டியை எடுத்துக் கொடுத்தான். நான் உர மூட்டைகளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அக்கா வாசலைத் தாண்டும்வரை சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் திட்டு விழும், சாயங்காலம் நானே போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு நூலை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதை இப்போது ஒப்படைத்துள்ளேன்.

சாயங்காலம் கலாத்தியாவை எடுத்துக்கொண்டு போனபோது அக்கா வீடு பூட்டியிருந்தது. படியில் சின்னச் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குழந்தை இப்போது பால் குடிக்கிறதாம். அழுதால் இன்னும் சத்தம் வரவில்லையாம்.

அண்ணனை நேற்றிலிருந்து இங்கே காவல் நிலையத்தில் விசாரிக்கிறார்கள். நூல் இல்லாத தொட்டியைத்தான் கொடுத்தேன் என்று நேற்று முழுவதும் சொன்னவன், இன்று என் எதிரிலேயே, “நூல் இருந்துச்சா இல்லையான்னு எனக்கே இப்ப தெரியல சார்” என்றான்.

அந்தத் தொட்டியில் நூல் இல்லை. அவன் சரியாகத்தான் பார்த்தான். அதை அவனிடம் நானே சொல்ல அனுமதி கேட்கிறேன்.

இவை நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டப்பட்டவை. அனைத்தும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்)