கேக்காமலே போட்ட டிக்

கேக் எடுத்துக்கோங்க வஜீஹ். கெய்ரோ டிராஃபிக்ல மடியில வெச்சுக் கொண்டுவந்தது நீங்கதானே. கதவா? அது அப்படித்தான் பாதி தொறந்திருக்கும். அந்தப் பக்கம் எங்க அத்தை காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் மனசு விட்டுப் பேசட்டும்னு பெரியவங்க எழுந்து போனா, அவ்வளவு தூரம்தான் போவாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஆபீஸ். மருந்துக்கடைக்காரங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் விக்கிறோம். அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப ஒவ்வொரு பெட்டியா வரும்ல, அடுத்து அடுத்துன்னு அமுக்கிட்டே போவோமே, அந்தப் பெட்டியெல்லாம் நான் வரையறதுதான். சிரிக்காதீங்க, அதுக்கும் சம்பளம் தர்றாங்க.

அந்த அடுத்து பட்டனை எங்க வைக்கிறதுன்னே பெரிய சண்டை. அரபியை நாம வலதுலேருந்து இடது பக்கமா படிக்கிறோம். அப்ப அது இடது ஓரத்துலதானே வரணும்? வெச்சேன். தந்தா ஊர்ல ஒரு கடைக்காரர் பழக்க தோஷத்துல வலது ஓரத்துல அமுக்கிட்டாரு. அங்க இருந்தது ரத்து. உடனே ரத்து செய்யவான்னு ஒரு கேள்வி, கீழ ரெண்டு பட்டன்: சரி, ரத்து. மனுஷன் எதைத்தான் அமுக்குவாரு? ரத்தை ரத்து பண்றதா? போன் போட்டு என் பரம்பரையையே இழுத்துட்டாரு.

எங்க முதலாளி ரிஃபாத் என்ன சொன்னாரு தெரியுமா? ரத்தையே தூக்கிடுன்னாரு. உள்ள வந்தவன் எதுக்கு வெளிய போகணும்கிறாரு. அதோட, சம்மதம்கிற கட்டத்துல நாமளே டிக் போட்டு வெச்சிடு, வேண்டாதவன் எடுத்துக்கட்டும்னாரு. நான் விடல. கேக்காமலே டிக் போட்டா அதுக்குப் பேர் சம்மதமாங்க? நான் கத்தின கத்துல பக்கத்து பல் டாக்டர் ஓடி வந்துட்டாரு. கடைசில ஜெயிச்சது நான்தான். காலிக் கட்டம், பெரிசா ஒரு ரத்து, ஒரே அமுக்குல வெளிய போயிடலாம். மருந்துக்கடைக்காரங்களுக்கு அந்த சுதந்திரம் கிடைச்சிடுச்சு.

இருங்க... செருப்புச் சத்தம். அத்தை சர்பத் கலக்கப் போயிட்டாங்க. போரடிக்கலையே? நிஜமாவே நல்லவர் நீங்க, அதான் சொல்றேன். எங்க வீட்ல பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவாங்க. உங்க வீட்லயும் அப்படித்தானா? என் அக்கா தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தா. நிமிர்றதுக்குள்ள ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தையே முடிச்சிட்டாங்க. அதனாலதான் நீங்க வந்ததுலேருந்து மூச்சு விடாம பேசிட்டிருக்கேன்.

வேணாம்னு சொல்லாம இல்ல. சொன்னேன். அப்பா, வெக்கப்படறான்னாரு. மறுபடி சொன்னேன். கண்ணு பட்டிருக்குன்னு அத்தை சாம்பிராணி போட்டாங்க. உங்க மேல ஒரு குறையும் இல்லீங்க. எனக்கு வேணாம், அவ்வளவுதான்.

அதே வேணாமை நீங்க சொன்னா ஒரே வார்த்தையில முடிஞ்சிடும். நிஜமாவான்னு உங்களை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. வந்துட்டாங்க பாருங்க. அப்பா என்னைக் கேக்க மாட்டாரு, உங்க மூஞ்சியைத்தான் பாப்பாரு. ஏன் பிடிக்கலைன்னு கேட்டா, பொண்ணு வாயாடின்னு சொல்லிடுங்க. எங்க வீட்ல ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.