'வர்றேன்' என்று ஒரு வார்த்தை

வெந்நீர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் சார். இங்கே தங்கிப் போனவர்கள் எல்லாரும் முதலில் புலம்பியது அதைப் பற்றித்தான். இன்று காலை நீங்களும் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள், கவனித்தேன். கூரைமேல் இருப்பது சூரிய வெந்நீர் டாங்க். மழைக்காட்டில் சூரியன் விருந்தாளி மாதிரி, வந்தால் உண்டு. முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "இயற்கையோட ஒட்டி வாழத்தானே வர்றாங்க? பச்சைத் தண்ணியும் இயற்கைதானேப்பா" என்றார். அவர் நகரத்தில் கீசரில் குளிப்பவர்.

விடுதியைப் பற்றி நானே குறை சொல்லக் கூடாது. ஆனாலும் வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. விளம்பரத்தில் குடில் வாசலில் யானை நிற்கும். நேரில் வந்தால் கூரை ஒழுகும், துணி காயாது, தலையணை காளான் வாசனை அடிக்கும். கொடுக்கிற காசுக்கு நட்சத்திர ஓட்டலில் ராஜா மாதிரி இருக்கலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒருவர் என்னிடம், "அரிய உயிரினம்னு போட்டிருந்தீங்களே, எங்கே ஒண்ணையும் காணோம்?" என்று கேட்டார். "உங்க இடது காலைப் பாருங்க சார்" என்றேன். அட்டை ரத்தம் குடித்து விரல் பருமனுக்கு உப்பிப்போயிருந்தது. அவர் சிரிக்கவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டார்.

எல்லாரும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கு என்று வருவார்கள், பாதியிலேயே பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

கிளம்புவதென்றால் தொட்டில்தான். உங்களை அதில் இக்கரைக்கு இழுத்ததும் நான்தானே. கார் வரும் சாலை அக்கரையோடு முடிந்துவிடுகிறது. ஆற்றின் குறுக்கே இரும்புக் கம்பி. அதில் தொங்கும் கூண்டுக்குத் தொட்டில் என்று பெயர் வைத்தது என் மனைவி. கூண்டை இழுக்கும் கைச்சக்கரம் இந்தக் கரையில் மட்டும்தான். அக்கரையிலும் ஒன்று வைக்கலாம் என்றேன். "எதுக்குப்பா வீண் செலவு, நீதான் எப்பவும் இருக்கியே" என்றார் முதலாளி. அது உண்மை. நான் எப்போதும் இருந்தேன்.

ஆட்கள் போன பிறகு இந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மழைச் சத்தம் இருக்கும், தவளைச் சத்தம் இருக்கும். பேச்சுச் சத்தம்தான் இருக்காது. கடைசியாகப் போனவர் குடித்த கோப்பையை அடுத்தவர் வரும்வரை நான் கழுவமாட்டேன். மேசைமேல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும்.

அதனால் கிளம்புகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் எதிர்பார்ப்பேன். "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வாய்வார்த்தைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். ஓரிருவர் மறந்துபோவார்கள். தொட்டில் பாதி தூரம் போனதும் சக்கரத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீங்க சார், காதுல விழல" என்பேன். ஆற்றின் நடுவில் தொங்கும்போது மனிதனுக்கு நல்ல பழக்கமெல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

என் மனைவியைப் பற்றி உங்கள் ஆட்கள் சமையலறையில் கேட்டார்கள். சமையல், துணி, அறைகள் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. நல்ல பேச்சுக்காரி. விருந்தாளிகள் கிளம்பும்போது, "என்னையும் பெட்டியில போட்டு மூடிக் கூட்டிட்டுப் போயிடுங்கக்கா" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அறைக்கு வந்தபிறகு என்னிடம் வேறு மாதிரி பேசுவாள். "ரெண்டு மனுஷங்க, ஆறு குடிசை, ஆயிரம் அட்டை. இதுக்குப் பேரு குடித்தனமா?" போன மழைக்காலத்தில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது டாக்டர்.

பல் டாக்டர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்குப் பிள்ளைகள் கொடுத்த பரிசாம் இந்த ஒரு வாரத் தங்கல். தனியாகத்தான் வந்தார். முதல் நாளே அவர் குடில் ஒழுகியது. வாளியோடு போனேன், திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். "தம்பி, வெளியே மழை விட்டாலும் என் ரூமுல விட மாட்டேங்குதே" என்று சிரித்தார். சாப்பாட்டுக் கூடத்தில் கேரம் பலகையைத் துடைத்துப் போட்டோம். அவர் காய்களை விட்டுவிட்டு என் விரலைத்தான் பார்ப்பார். "நீ அடிக்கறதுக்கு முன்னாடியே கண்ணு குழியில போய் உக்காந்துடுது. உன்னால ஒண்ணையும் மறைக்க முடியாதுய்யா" என்று கேலி செய்வார்.

அன்று சாப்பாடு பரிமாறும்போது, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட விருந்தாளி அவர் ஒருவர்தான் சார். "அப்புறம் சாப்பிடறேன்" என்றேன். "அப்புறம் என்ன அப்புறம், உக்காரு" என்று எதிரே தட்டை இழுத்துப் போட்டார். நான் மெல்லுவதைப் பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். "வெளியே பார்த்தா பல்லு நல்லாத்தான் இருக்கு. உள்ள வேரு அழுகிப்போச்சு. எத்தனை நாளா வலிக்குது?" எனக்கு வலிக்கவில்லை என்றேன். "அப்படின்னா ரொம்ப முத்திப்போச்சு" என்றார்.

இவர் ஒரு வாரமும் இருப்பார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆசைப்பட்டது என் தப்பு.

மறுநாள் ஒழுகல் அதிகமானதும் ஆறாவது குடிலைக் கேட்டார். "அது ஒண்ணுதான் ஒழுகாதுன்னு நீயேதானே சொன்னே? எனக்குத் தந்தா கொறைஞ்சா போயிடுவே?" ஆறாவது குடில் ஒழுகாது என்பது நிஜம். கூரையை நானே மாற்றினேன், தரையும் நானே பூசினேன். ஆனால் அது ரிப்பேரில் இருப்பதாகச் சொன்னேன். மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தபோது அவரே பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். தினமும் பெருக்கப் போகிறவன் என்பதால் நான் அதைப் பூட்டுவதில்லை.

சாப்பாட்டோடு தேடிப் போனேன். கதவு நிலையிலேயே நின்றுகொண்டிருந்தார். கட்டில் விரித்திருந்தது. கூஜாவில் அன்று காலை நான் வைத்த தண்ணீர் இருந்தது.

"உன் சம்சாரம் அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னியே தம்பி. செருப்பு இங்க இருக்கு?"

"அவளுக்கு ரெண்டு ஜோடி சார்."

"மூக்குக் கண்ணாடியுமா ரெண்டு?"

நான் சாப்பாட்டைக் கீழே வைத்தேன்.  அவர் தரையைப் பார்த்தார். பிறகு, ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்த மாதிரி, "மழை கூடிட்டே போகுது. நான் போறேன் தம்பி. டிரைவரை வரச் சொல்லிடறேன்" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. கேரம் பலகையில் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. சிவப்புக் காய் இன்னும் விழவில்லை.

அவர் அங்கே எதைப் பார்த்தார் என்பதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தமில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் முடிச்சுப் போடுகிறீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம். காரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

தொட்டிலில் அவரை ஏற்றிக் குறுக்குக் கம்பியை நானே மாட்டினேன். பையை மடியில் வைத்துக் கொடுத்தேன். அக்கரையில் டிரைவர் குடையோடு நின்றிருந்தார். நடு ஆறு வரை இழுத்துவிட்டு நிறுத்தினேன்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

"விளையாடாதே, இழு. போறேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது டாக்டர்."

"இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன், போதுமா? இழுய்யா!"

முந்தின நாள் என்னை உட்காரவைத்துச் சோறு போட்ட மனிதர் சார் அவர். நான் சக்கரத்தின் பூட்டைப் போட்டேன். மழை வலுத்தது. அக்கரையிலிருந்து டிரைவர், "யோவ், பெரியவர் நனையறாருய்யா! உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார். நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருப்பது பழக்கம். ஆற்றில் மரக்கிளைகள் வர ஆரம்பித்தன. டாக்டர் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசியில் சொன்னார்.

"வர்றேன்! வர்றேன்யா! வர்றேன்!"

மூன்று முறை சொன்னார். ஒரு முறை போதும். டிரைவரும் உங்களிடம் இதைச் சொல்லியிருப்பார். அவர் சொன்ன சாட்சியத்தில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பூட்டை எடுத்துவிட்டு இழுத்தேன், இந்தக் கரைக்கு. வர்றேன் என்றால் வருகிறேன் என்றுதானே அர்த்தம்? வருகிறவரை அந்தப் பக்கம் தள்ளுவது எப்படி?

தொட்டில் என் பக்கம் நகருவதைப் பார்த்ததும் அவர் குறுக்குக் கம்பியைத் தூக்கினார். அந்த வயதில் அவ்வளவு வேகம் எதிர்பார்க்கவில்லை. விழுந்தவர் ஒரு முறை மேலே வந்தார். கை நீட்டினார். சக்கரத்துக்குப் பக்கத்துத் தூணில் மிதவை டியூபும் கயிறும் தொங்குகின்றனவே என்று நீங்கள் கேட்டீர்கள். ஆமாம், எட்டும் தூரம்தான். அவர் என்னிடம் கேட்டிருந்தால் போட்டிருப்பேன். அவர் டிரைவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவர் குடித்த கோப்பையை இன்னும் கழுவவில்லை. மேசைமேல் உங்கள் கைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

கடப்பாரைச் சத்தம் கேட்கிறது. ஆறாவது குடில்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் நனைந்துகொண்டு வந்து சொல்வதைவிட நான் சொல்வது மேல்.

அவளும் தொட்டிலில்தான் ஏறினாள். "போறேன்" என்றாள். வேண்டுமென்றே சொன்னாள், எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொன்னாள். நடு ஆற்றில் நிறுத்திச் சொல்லச் சொன்னேன். பிடிவாதக்காரி. பூட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். விடுதியில் அப்போது யாருமில்லை. அவள் கூப்பிட்டிருக்கலாம், ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. மழை நின்றது, பெய்தது, மறுபடி நின்றது. விடிந்தபிறகு போய் இழுத்தேன்.

உடம்பு சில்லென்றிருந்தது. தூக்கிக்கொண்டுபோய், சூடாகத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று குழாயைத் திறந்தேன். அன்றைக்கும் வெந்நீர் வரவில்லை சார்.

அப்படியானால் அவள் வர்றேன் என்று சொன்னாளா இல்லையா என்று கேட்பீர்கள். இழுக்க இழுக்கத் தொட்டில் ஆடியது. அவள் தலையும் ஆடியது. சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். வந்துவிட்டாள் அல்லவா?

கட்டிலை மட்டும் உடைக்காமல் நகர்த்தச் சொல்லுங்கள். இந்த விடுதியில் தங்கி ஒரு குறையும் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.