தொட்டிக்குள் ஒரு விரல்

இருந்தவர்கள்: மாமா, பல் டாக்டர், இன்று கிளினிக்குக்கு விடுமுறை. அக்கா, அவர் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பி, அக்காவின் உடன்பிறந்தவன், முப்பத்தொரு வயது, ரெண்டு நாள் தங்கிப் போக வந்து நாலு வருடம் ஆகிறது. சாப்பாட்டு மேசை மேல் ஒரு ஜூனிபர், முக்கால் முழ உயர ஊசியிலை போன்சாய், மாமா இருபது வருடமாக வளர்ப்பது.

— இன்னும் கொஞ்சம் வாயைத் திற.

— என்னையா சொல்றீங்க மாமா?

— தொட்டியைச் சொல்றேன். நீ அந்தக் கத்தியை ஓரமா விட்டு ஒரு சுத்து சுத்து. லேசா. வலிக்காது.

— எனக்கா?

— மரத்துக்குடா.

— ஏங்க, பஸ் அஞ்சரைக்கு. இவன் இன்னும் ஒரு சட்டைகூட மடிக்கல. நான் ஒண்ணும் சொல்லல, ஞாபகப்படுத்தறேன்.

— அக்கா, ஒரு நிமிஷம். இங்க ஆபரேஷன் நடக்குது. இந்த நேரத்துல பஸ்ஸைப் பத்திப் பேசினா மரத்துக்கு எப்படி இருக்கும்?

— உன் ஒரு நிமிஷம் நாலு வருஷமா ஓடுதுடா. நாளைக்குக் காலையில ஐஸ் ஃபாக்டரியில நிக்கணும் நீ. உங்க மாமா அந்த முதலாளிகிட்ட இந்த வேலையை எப்படிக் கேட்டு வாங்கினாருன்னு தெரியுமா? கடவாப்பல்லைப் புடுங்கிட்டு இருக்கும்போது கேட்டாரு.

— வாய்க்குள்ள கொறடு இருக்கும்போது கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்றதில்ல.

— போறேன்னுதானே சொல்றேன் மாமா. நான் போயிட்டா இதுக்குத் தண்ணி ஊத்துறது யாரு? யோசிச்சுப் பாருங்க. நீங்க ரெண்டு பேரும் காலைல போனா விளக்கு வச்சப்புறம் வர்றீங்க. நாலு வருஷமா இது உசுரோட இருக்குன்னா அதுக்கு நான்தான் காரணம்.

— அதுக்கு முன்னாடி பதினாறு வருஷம் இருந்துச்சேடா?

— அப்ப அதுக்குச் சின்ன வயசுக்கா.

— வந்துடுச்சு, வந்துடுச்சு. அடியில கை குடு மாப்ள. தூக்கு. அப்படியே பேப்பர் மேல வை.

— வச்சுட்டேன். மாமா, என்ன இப்படிக் குனிஞ்சு பாக்குறீங்க?

— ஏங்க, வேரு எப்படி இருக்கு?

— இருக்கு.

— எதுக்கு மோந்து பாக்குறீங்க?

— தொழில் பழக்கம். அந்தக் கொக்கியை எடு மாப்ள. பல் சுரண்டுறது.

— பட்டையை ஏன் சுரண்டுறீங்க?

— சொத்தை இருக்கான்னு பாக்குறேன். நீ தினம் எவ்வளவு ஊத்துவே?

— காலைல ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு. ராத்திரி தூக்கம் வரலன்னா எந்திரிச்சு இன்னொண்ணு. கீழ தட்டுல நிக்கிற தண்ணியைக்கூடக் கொட்ட மாட்டேன், தாகம் எடுத்தா குடிக்கட்டும்னு விட்டுருவேன்.

— நல்ல மனசு.

— பாத்தியாக்கா? மாமாவே சொல்லிட்டாரு.

— கத்தரிக்கோல் குடு. மூணுல ஒரு பங்கு வேரை எடுத்துடணும். ஒரே தொட்டியில வருஷக்கணக்கா சுத்திச் சுத்தியே கிடந்தா அது தன் கழுத்தைத் தானே நெரிச்சுக்கும்.

— அதை ஏன் என்னைப் பாத்துச் சொல்றீங்க?

— கத்தரிக்கோல் உன் பக்கத்துல இருக்கு.

— நான் ஒண்ணும் சொல்லல. மணி மூணே முக்கால்.

— இப்ப புது மண்ணு. கொட்டு. போதும். மரத்தை நடுவுல உக்கார வை. இந்தக் கம்பி தொட்டி ஓட்டை வழியா மேல வந்திருக்கு பாரு, இதை வேர் மேல குறுக்கப் போட்டு முறுக்கினா மரம் அசையாது. அசைஞ்சா புது வேர் பிடிக்காது. நீ விரலால அழுத்திப் பிடி.

— பிடிச்சிருக்கேன். எத்தனை நாள் அசையக் கூடாது மாமா?

— ஆறு வாரம்.

— நடுவுல தூக்கி எடுத்தா?

— ஒருதடவை வேரைக் கலைச்சாச்சு. மறுபடி கலைச்சா செத்துடும்.

— ஆறு வாரம். சரி. முறுக்குங்க. ஐயோ!

— என்னடா?

— விரல் மாட்டிக்கிச்சு மாமா. கம்பிக்குள்ள.

— நான் இன்னும் முறுக்கவே இல்லயே.

— முன்கூட்டியே மாட்டிக்கிச்சு. நீங்க முறுக்குங்க, பரவாயில்ல.

— முறுக்கியாச்சு. இப்ப எடு.

— வரல.

— அட, வராதே! எப்படி வரும்! நான் ஒண்ணும் சொல்லல. ஏங்க, கம்பியை வெட்டுங்க.

— வெட்டலாம்க்கா, தாராளமா வெட்டலாம். மரம் அசைஞ்சுடுமே. இருபது வருஷ மரம். போயும் போயும் என் ஒரு விரலுக்காகவா? வேணாம். ஆறு வாரம் நான் இப்படியே இருந்துடறேன். தியாகம் கீகம்னு யாரும் பெரிய வார்த்தை சொல்ல வேணாம்.

— ஐஸ் ஃபாக்டரி?

— ஐஸ் எங்கக்கா போயிடப் போகுது?

— உருகிடும்டா, மடையா.

— பெரிய பெரிய கட்டியா இருக்கும்க்கா. நாளாகும்.

— எப்படிக் குளிப்பே?

— இப்ப மட்டும் என்ன தினமுமா குளிக்கிறேன்?

— வலது கைடா. எப்படிச் சாப்பிடுவே?

— நீ ஊட்டிவிட மாட்டியா? சின்ன வயசுல ஊட்டினவதானே.

— ரிமோட்?

— அதை இடது கையில பழகிக்குவேன். மனுஷன்னா வளரணும்க்கா.

— ஏங்க, உங்களைத்தான். இது நெஜமாவே மாட்டியிருக்கா, இல்ல நடிக்கிறானா? பாத்துச் சொல்லுங்க.

— நான் பல் டாக்டர்மா. விரலைப் பத்திக் கருத்துச் சொல்ற உரிமை எனக்குக் கிடையாது.

— நீங்கதாங்க இவனைக் கெடுத்தது.

— மாப்ள சொல்றதுல ஞாயம் இருக்கு. மரத்தைப் பிடிச்சிருக்கான், விட மாட்டேங்கிறான். நீ அவனை விட்டுடும்மா. ஆனா ஒண்ணு. இதை வீட்டுக்குள்ள வைக்க முடியாது.

— ஏன் மாமா? டிவி பக்கத்துல நல்லாத்தானே இருந்துச்சு?

— மழையில நனையுமேன்னு நீதான் உள்ள தூக்கிட்டு வந்தே. ஊசியிலை மரம் வெளியில இருக்கணும். காத்து வேணும், பனி வேணும், கொஞ்சம் வெயில் வேணும்.

— எனக்கு?

— நீ மரத்தோட இருக்கே.

— மாமா, பனியில நான்...

— மரத்துக்கு ரொம்ப நல்லது. வாசல்ல பெஞ்சு இருக்கு, நெழல் இருக்கு. எந்திரி. இடது கையால தொட்டியை அணைச்சுக்கோ. குழந்தையைத் தூக்குற மாதிரி.

— அக்கா, செருப்பு.

— காலை நீட்டு, நானே போட்டுவிடறேன். நட. தொட்டியைப் பாத்து நட, என்னைப் பாக்காதே.

— படி வருது மாப்ள. காலைத் தூக்கு. அவ்வளவுதான். வலிச்சுதா?

— அடேயப்பா! கடைக்குப் போடான்னா தலைவலி வந்துடும். துணி காயப்போடச் சொன்னாக்கூட ஜன்னல் வழியாவே எட்டி எட்டிப் போடுவான். ஐயா இப்ப தன் காலால வாசப்படி தாண்டிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல.

— உக்காரு. தொட்டியை மடியிலயே வச்சுக்க.

— மாமா, என் பை எப்படி இந்தப் பெஞ்சுக்கடியில வந்துச்சு?

— தலைக்கு வச்சுக்கோ.

— உள்ள என் சட்டையெல்லாம் மடிச்சு இருக்கு. டிக்கெட்டை மேல ஊசி போட்டுக் குத்தியிருக்கு!

— காத்துல பறந்துடுமேன்னு நான்தான்டா குத்தினேன்.

— நீங்க ரெண்டு பேரும் எங்க போறீங்க?

— கை கழுவ.

— கதவை ஏன் சாத்துறீங்க? மாமா! அக்கா! தாழ்ப்பாள் சத்தம் கேக்குது!

— தாழ்ப்பாள்னா சத்தம் வரும்டா. பஸ் ஸ்டாண்டு பக்கந்தான், பதினஞ்சு நிமிஷம் நடை. போய்ச் சேந்ததும் போன் பண்ணு.

— தொறக்கா! தொறக்கலன்னா விரலை உருவிடுவேன்!

— மாட்டிக்கிச்சுன்னே?

— உருவ முடியும்! மரத்தோட உருவிடுவேன்! வேரெல்லாம் கலைஞ்சுடும். மாமா, நீங்கதானே சொன்னீங்க, மறுபடி கலைச்சா செத்துடும்னு. மூணு எண்ணுவேன். ஒண்ணு!

— ஏங்க, செஞ்சாலும் செஞ்சுடுவான். சாவி என் கையிலதான் இருக்கு, இன்னும் பூட்டல. தாழ்ப்பாளைத் தொறந்துடட்டுமா?

— ரெண்டு!

— ஏங்க, ஏன் கையைத் தொடச்சுக்கிட்டு நிக்கிறீங்க? கல்யாணமான புதுசுல என்னைக்கூட அதைத் தொட விடல நீங்க. போனாப் போகுது, இன்னொரு ஆறு வாரம் இவன் சோத்தைத் தின்னுட்டுக் கிடக்கட்டும். மரம் பொழைக்கட்டுங்க.

— அக்கா சொல்றதைக் கேளுங்க மாமா! இருபது வருஷம்! மூணு சொல்லிடுவேன்!

— சொல்லிக்கோ மாப்ள. அது செத்து ஒரு மாசம் இருக்கும். நீ ஊத்தின தண்ணியில வேர் மொத்தமும் அழுகிப் போச்சு. ஊசியிலை பாரு, செத்தப்புறமும் கொஞ்ச நாள் பச்சையாத்தான் நிக்கும். நீ பூட்டும்மா.