தொழிற்சாலை போட்ட மூட்டு

இந்த மேசையின் ஒரு கால் குட்டை, ஐயா. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதே மரத்தில் புதுக்கால் செய்து போட்டிருப்பேன். ஒப்பேற்றும் வேலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

கார் என் தங்கை கணவருடையது. இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவர் வாங்கும்போது கோழிக்கூடு மாதிரி இருந்தது. "தொழிற்சாலைலேர்ந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும், மச்சான். கண்காட்சில முதல் பரிசு நமக்குத்தான்" என்றார். மூன்று வருடம் உழைத்தேன். எவனோ பிற்காலத்தில் பூசிய சிவப்பைச் சுரண்டிவிட்டு, முதலில் இருந்த சாம்பல் நிறத்தைக் கொண்டுவந்தேன். இருக்கையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்றுகூட எண்ணித்தான் போட்டேன்.

மிச்சம் இருந்தது ஸ்டியரிங் மூட்டு. முதலில் வந்த மூட்டு வேகத்தில் கழன்றுகொள்ளும் என்று தெரிந்து, தொழிற்சாலைக்காரர்களே எல்லாக் கார்களிலும் மாற்றிக் கொடுத்தார்கள். இதிலும் மாற்றிய மூட்டுதான் இருந்தது. முதலில் வந்த மூட்டையே தேடிப் போட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ஐயோ, அதத் தொடாதீங்க மச்சான். உயிரோட விளையாடவா? அடியில குனிஞ்சு யாரு பாக்கப் போறா?" என்றார்.

நான் பார்ப்பேனே, ஐயா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. எட்டு மாதம் பழைய இரும்புக் கடைகளாக அலைந்து அந்த மூட்டைக் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லாமல் மாட்டினேன். கண்காட்சிக்குக் காரை லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். பரிசு முடிந்ததும் நல்ல மூட்டைத் திரும்பப் போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அது என் பையிலேயே இருந்தது. இருபது நிமிட வேலை.

டார்ச்சோடு காரின் அடியில் படுத்த நடுவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது வருஷமா பாக்கறேன். இந்த மூட்டு இருக்கற வண்டி ஒண்ணுகூடக் கண்ணுல பட்டதில்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வேலையை அதுவரை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை.

பரிசு வாங்கிய குஷியில் மாப்பிள்ளை, லாரி வேண்டாம், மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறோம் என்றார். தங்கை பக்கத்தில் ஏறினாள். "அண்ணா, நீ செஞ்ச வண்டி. பயமில்லாமப் போலாம்ல?" என்று சிரித்தாள். உண்மையைச் சொன்னால் காரை அங்கேயே தூக்கிக் கழற்ற வேண்டும். நடுவர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வாம்மா. மெதுவா ஓட்டச் சொல்லு" என்றேன்.

மூன்றாவது வளைவில் மூட்டு கழன்றது. அங்கே தடுப்புச் சுவர் கிடையாது.

அவளைத் தூக்கி வளர்த்தவன் நான், ஐயா. அவள் மேல் எனக்கு என்ன பகை? மூட்டைப் போட்டது நான், தெரிந்தே அனுப்பியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மாற்ற நேரம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பரிசு கொடுத்த பிறகு நடுவர் அந்த மூட்டைத் தேடின கதையைக் கேட்டார், சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது என்று, இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் காத்து நின்றார்கள்.