விளையாடத்தான்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பாசஞ்சர் ரயிலில் எனக்கு எதிரே ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலடியில் கம்ப்யூட்டரின் உள்பாகங்கள் நிறைந்த ஒரு பை; மடியில் புது கம்ப்யூட்டர் கேபினெட், அட்டைப்பெட்டியோடு. அந்தப் பெட்டியை மேலே வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

"அம்மா கேட்டா ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லிடுவோம்," என்றான் அவன்.

"வேணாங்க. கேம் விளையாடத்தான்னே சொல்லுங்க. என் சம்பளத்துல மிச்சம் புடிச்சு வாங்குனதுக்கு எதுக்குப் பொய்?"

"கிராபிக்ஸ் கார்டே வாங்கலையே, கேம் எப்படி ஓடும்?"

"இந்த பிராசசர்லயே சின்னச் சின்ன கேம் ஓடும். கார்டு அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம். எல்லாம் சேரட்டும்னு இருந்தா ஆரம்பிக்கவே மாட்டேன்."

"யாரு இதெல்லாம் மாட்டுறது?"

"நான்தான். வீடியோ பாத்துப் பாத்து மனப்பாடமே ஆயிடுச்சு."

நீடாமங்கலம் நெருங்கும்போது அவன் போன் அடித்தது. அம்மாதான்.

"ஆமாம்மா, கம்ப்யூட்டர்தான். விளையாடுறதுக்கு," என்றான் மெல்ல. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"கல்யாணம் ஆனப்புறமும் உனக்கு என்னடா விளையாட்டுன்னு திட்டுறாங்க."

அவள் பெட்டியை அவன் மடிக்கு மாற்றிவிட்டுப் போனை வாங்கினாள்.

"அவருக்கு இல்ல அத்தை," என்றாள். "எனக்கு."